ஆறாவது மாடிக்குப் போகும் முன்

இந்தக் கோடைக்கு மதுரையிலிருந்து தாத்தா ஃபிரிஸ்கோ வந்திருக்கிறார். வந்த மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "கென்னடியைச் சுட்ட இடம் இங்கேதானே பக்கத்தில எங்கேயோ இருக்கு? என்னைக் கூட்டிட்டுப் போறியாம்மா?"

தம்பிக்கு இதில் விருப்பமில்லை. "அது அவங்க ஹிஸ்டரி தாத்தா. நம்ம ஊர்லயே வீடியோகேம் மியூசியம் இருக்கு, பத்து நிமிஷத்துல போயிடலாம்" என்றான்.

"அவங்க ஹிஸ்டரி." இதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. தம்பி மேல் கோபமில்லை. அவன் வயதில் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன். டல்லாஸ் நகரின் பழைய மையத்தில் இருக்கும் அந்த ஆறாவது மாடி மியூசியத்துக்கு ஸ்கூலில் ஒருமுறை கூட்டிப் போனார்கள். பஸ்ஸில் யார் பக்கத்தில் உட்கார்ந்தேன் என்பது மட்டும்தான் இன்றைக்கு நினைவில் இருக்கிறது. இந்த முறை அப்படிப் போகக்கூடாது என்று இரண்டு வாரம் படித்தேன். அந்த மியூசியத்துக்கும் நம் வீட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கும் ஒரு தொடர்பு இருப்பது அப்போதுதான் தெரிந்தது. உங்களில் யாராவது அங்கே போவதாக இருந்தால், போகும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

முதலில் தாத்தாவின் கதை. 1963 நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. டல்லாஸில் மதியம் 12.30. அதே நொடி இந்தியாவில் நள்ளிரவு 12 மணி, சனிக்கிழமை பிறந்துவிட்டது. (கணக்குப் போட்டுப் பாருங்கள், மிகச் சரியாக வரும்.) தாத்தா அப்போது ஆறாம் வகுப்பு. காலையில் பால் வாங்கப் போன இடத்தில், டீக்கடை ரேடியோவைச் சுற்றி ஆட்கள் நின்றிருந்தார்களாம். "அமெரிக்கா எந்தத் திசையில இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது. ஆனா டீக்கடைக்காரர் அழுதார், அது ஞாபகம் இருக்கு" என்றார். அந்தச் சிறுவனின் பேத்தி ஒருநாள் அந்த இடத்திலிருந்து ட்ரெயினில் போகிற தூரத்தில் குடியிருப்பாள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். வெறும் கேலிக்காக அல்ல. அன்றைய சட்டப்படி அது ஏறக்குறைய நடக்காத காரியம்.

சட்டத்துக்குப் பிறகு வருகிறேன். முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடலாம்.

டல்லாஸ் பிறந்ததே அந்தப் பக்கத்தில்தான். 1841இல் ஜான் நீலி பிரையன் என்பவர் டிரினிட்டி ஆற்றங்கரையில் குடிசை போட்டதிலிருந்து ஊர் தொடங்குகிறது. ஆற்றைப் பிற்பாடு தள்ளி ஓடவிட்டார்கள். பழைய கரையை ஒட்டிய நிலத்தில், மூன்று தெருக்கள் ஒரு ரயில் பாலத்தின் அடியில் ஒன்று சேரும்படி, 1930களின் வேலையில்லாக் காலத்தில் அரசு வேலைத் திட்டத்தின் கீழ் ஒரு பூங்காவைக் கட்டினார்கள். அதுதான் டீலி பிளாசா. டீலி என்பவர் ஒரு பத்திரிகை அதிபர். அதன் வடக்கு மூலையில், ஹூஸ்டன் தெருவும் எல்ம் தெருவும் சந்திக்கும் இடத்தில், ஏழு மாடிச் செங்கல் கட்டடம் ஒன்று நிற்கிறது. முதலில் அது ஏர் விற்கும் கம்பெனியின் கிடங்கு. 1963இல் அதன் பெயர் டெக்சாஸ் ஸ்கூல் புக் டெபாசிட்டரி. நாம் வகுப்பில் சுமக்கிறோமே பாடப்புத்தகம், அதைப் பள்ளிகளுக்கு அனுப்பும் தனியார் கம்பெனி.

அங்கே லீ ஹார்வி ஆஸ்வால்ட் வேலைக்குச் சேர்ந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. ஆறாவது மாடியில் தரைக்குப் பலகை மாற்றும் வேலை நடந்ததால் புத்தகப் பெட்டிகளை எல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கியிருந்தார்கள். தென்கிழக்கு மூலை ஜன்னலைச் சுற்றிப் பெட்டிகள் சுவர் போல நின்றன. அந்த மறைவிலிருந்துதான் சுட்டிருக்கிறார்கள். கென்னடி இறந்தார், பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சாஸ் கவர்னர் ஜான் கானலி படுகாயத்தோடு பிழைத்தார். இரண்டு நாள் கழித்து, போலீஸ் காவலில் இருந்த ஆஸ்வால்ட்டை ஜாக் ரூபி என்பவர் டி.வி. கேமராக்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுட்டுக்கொன்றார். விசாரணையே நடக்கவில்லை. அதனால்தான் இன்றுவரை ஆளுக்கொரு கதை.

அந்தக் கதைகளை நான் இங்கே அவிழ்க்கப் போவதில்லை. 1964இல் வாரன் கமிஷன் ஆஸ்வால்ட் தனியாகச் செய்தார் என்றது. 1979இல் நாடாளுமன்றக் குழு ஒன்று சதி இருந்திருக்கலாம் என்றது. அதற்கு ஆதாரமாக வைத்த ஒலிப்பதிவை அடுத்த சில ஆண்டுகளில் விஞ்ஞானிகள் தள்ளிவிட்டார்கள். பிளாசாவில் நிற்கும்போது யாராவது வந்து "உண்மையைச் சொல்கிறேன்" என்று பத்திரிகை நீட்டுவார்கள். சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். சதிக்கதை ஒரு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அதில் மூழ்கினால் அந்த இடத்தில் பார்க்க வேண்டிய வேறு எதுவும் கண்ணில் படாது.

எனக்குப் பெரிதாகப் பட்டது இதற்கு அப்புறம் நடந்தது. கொலைக்குப் பிறகு டல்லாஸை நாடே வெறுத்தது, "வெறுப்பின் நகரம்" என்று பெயர் வைத்தார்கள். ஊர்க்காரர்கள் வெட்கப்பட்டார்கள். அந்தக் கட்டடத்தை இடித்துத் தள்ளிவிட்டால் எல்லாம் மறந்துவிடும் என்று பலர் நினைத்தார்கள். 1970இல் புத்தகக் கம்பெனி காலி செய்தது. கட்டடம் கைமாறியது, 1972இல் யாரோ தீ வைக்கவும் பார்த்தார்கள். இடிக்க நகராட்சி அனுமதி தரவில்லை. கடைசியில் 1977இல் டல்லாஸ் கவுண்டி அதை வாங்கிக் கீழ் மாடிகளில் தன் அலுவலகங்களை வைத்துக்கொண்டது. ஆறாவது மாடி மட்டும் பூட்டிக் கிடந்தது. லிண்டலின் ஆடம்ஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி அதை மியூசியமாக்க ஆண்டுக்கணக்கில் நடந்தார். 1989 பிப்ரவரியில்தான் கதவு திறந்தது. 25 வருஷத்துக்கு மேல்.

இதைத் தாத்தாவிடம் சொன்னபோது அவர், "நம்ம ஊர்ல அவ்வளவு நாள் ஆகலையே" என்றார். அவர் சொன்னது மதுரை காந்தி மியூசியத்தை. ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இருக்கிறது, கோடை லீவில் மதுரை போனவர்கள் பார்த்திருப்பீர்கள். 1948 ஜனவரி 30 அன்று டெல்லியில் சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த இரத்தக்கறை படிந்த துணி அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. 1959இல் நேரு அந்த மியூசியத்தைத் திறந்துவைத்தார். 1921இல் காந்தி சட்டையை விட்டு அரை வேட்டிக்கு மாறியதும் மதுரையில்தான். உடை மாற்றிய ஊரே அவருடைய கடைசி உடையையும் வைத்திருக்கிறது.

கென்னடி விஷயத்தில் நேர் எதிர். அன்று அவர் மனைவி ஜாக்குலின் உடுத்தியிருந்த, இரத்தம் படிந்த இளஞ்சிவப்பு உடை தேசிய ஆவணக் காப்பகத்தில் பூட்டியிருக்கிறது. குடும்பம் கேட்டுக்கொண்டபடி 2103 வரை பொதுமக்கள் பார்வைக்கு வைக்க முடியாது. டல்லாஸில் நீங்கள் பார்க்கப்போவது இரத்தத்தை அல்ல, ஒரு ஜன்னலை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் அட்டைப் பெட்டிகள், அரைகுறையாகத் திறந்த ஜன்னல், அவ்வளவுதான். மதுரைத் துணிக்கு முன்னால் நிற்கும்போது இறந்தவரோடு நிற்கிறோம். டல்லாஸ் மூலைக்கு முன்னால் நிற்கும்போது சுட்டவன் நின்ற இடத்தில் நிற்கிறோம். எது சரி என்று எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் டல்லாஸ் முறை எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

இப்போது அந்தச் சட்டம்.

1917இலிருந்தே இந்தியர்கள் அமெரிக்காவில் குடியேறத் தடை. 1923இல் பகத் சிங் தீந்த் என்பவர் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர் அல்ல, அதனால் குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1924இல் நாட்டுக்கு நாடு ஒதுக்கீடு வந்தது: ஏற்கெனவே இங்கே யார் அதிகம் இருந்தார்களோ அவர்களுக்கே அதிக இடம். 1946இல்தான் இந்தியாவுக்குக் கதவு கொஞ்சம் திறந்தது. எவ்வளவு? ஆண்டுக்கு 100 பேர். ஒரு ஸ்கூல் பஸ்ஸில் பாதிக்கு மேல் பஞ்சாபிகளையும் குஜராத்திகளையும் வங்காளிகளையும் ஏற்றிவிட்டு, மிச்சமிருக்கும் சீட்டில் தமிழர்களை நினைத்துப் பாருங்கள். இரண்டு பஸ், அவ்வளவுதான் ஓர் ஆண்டுக்கு மொத்த இந்தியா. இலங்கைக்கும் அதே 100. பிரிட்டனுக்கு 65,000க்கும் மேல்.

இதில் இன்னொரு வினோதமும் இருந்தது. 1952 சட்டப்படி ஆசியர்களுக்கு மட்டும் பிறந்த நாடு கணக்கில்லை, வம்சம்தான் கணக்கு. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிறந்து வளர்ந்த தமிழர் விண்ணப்பித்தாலும் அவரை இந்தியாவின் 100க்குள்தான் எண்ணுவார்கள். அதே டர்பனில் பிறந்த வெள்ளைக்காரர் தென்னாப்பிரிக்கக் கணக்கில் வருவார். "நீ நிஜமாவே எந்த ஊர்?" என்று நம்மிடம் கேட்கிறார்களே, அந்தக் கேள்வியையே சட்டமாக எழுதி வைத்திருந்தார்கள்.

கென்னடியின் முன்னோர் அயர்லாந்துப் பஞ்சக் காலத்தில் கப்பலேறி வந்தவர்கள். செனட்டராக இருந்தபோதே குடியேறிகளைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். 1963 ஜூலை 23 அன்று, ஜனாதிபதியாக, இந்த ஒதுக்கீட்டு முறையை ஒழிக்கச் சொல்லி நாடாளுமன்றத்துக்குக் கடிதம் அனுப்பினார். ஆசியர்களுக்கான தனி விதியை உடனே நீக்கவேண்டும் என்பதும் அதில் இருந்தது. சரியாக நான்கு மாதத்தில் டல்லாஸ் வந்தார்.

அவருடைய ஊர்வலத்திலேயே பின்னால் இன்னொரு காரில் வந்துகொண்டிருந்தவர் துணை ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், டெக்சாஸ்காரர். அன்று பிற்பகல் லவ் ஃபீல்ட் விமான நிலையத்தில், விமானத்துக்குள்ளேயே பதவியேற்றார். 1965 அக்டோபர் 3 அன்று நியூயார்க்கில் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து புதிய குடியேற்றச் சட்டத்தில் கையெழுத்திட்டவர் அவர்தான். நம் ஊர் டாக்டர்களும் இன்ஜினியர்களும் வரத் தொடங்கியது அதற்குப் பிறகு. ஃபிரிஸ்கோவில் 1960 கணக்கெடுப்பில் 1,200 பேர்கூட இல்லை, ரயில் கம்பெனியின் பெயரை வைத்துக்கொண்ட ஒரு குட்டி ஊர். 2020இல் 2 லட்சத்து 509 பேர். அந்த எண்ணிக்கையில் நம் தெருவும் இருக்கிறது, நம் கோயிலுக்கு வருகிறவர்களும் இருக்கிறார்கள்.

கென்னடி செத்ததால்தான் நாம் வந்தோம் என்று யாராவது கதை கட்டினால் நம்பாதீர்கள். இமானுவேல் செல்லர் என்ற நியூயார்க் உறுப்பினர் 1924 ஒதுக்கீட்டை அன்றே எதிர்த்துப் பேசியவர், 41 வருஷம் விடாமல் நின்று 1965 சட்டத்தில் தன் பெயரைப் பார்த்தார். தெருவில் இறங்கி அடிபட்ட கறுப்பின மக்களின் போராட்டம் 1964இல் சிவில் உரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்திராவிட்டால், தோலின் நிறம் பார்க்கும் குடியேற்றச் சட்டத்தை ஒழிப்பது எளிதாக இருந்திருக்காது. இதைச் சட்டம் போட்டவர்களே சரியாக எதிர்பார்க்கவும் இல்லை. நாட்டின் முகம் பெரிதாக மாறாது என்று சொல்லித்தான் வாக்குக் கேட்டார்கள். நாம் அவர்கள் கணக்கில் இல்லாமல் வந்தவர்கள்.

அந்தச் சட்டத்தில் ஒரு முள்ளும் இருக்கிறது. எல்லா நாடும் சமம் என்று காட்ட, ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா நாடுகளில் எதற்கும் ஆண்டுக்கு 20,000க்கு மேல் கிடையாது என்று வைத்தார்கள். 100 எங்கே, 20,000 எங்கே, அன்றைக்கு அது பெரிய நியாயம். 1990இல் அது 7 சதவீதம் ஆனது. வேலை வழியாகக் கிடைக்கும் கிரீன் கார்டில் ஐஸ்லாந்துக்கும் 7 சதவீத உச்சவரம்பு, இந்தியாவுக்கும் அதே 7. நம் அப்பா அம்மாக்கள் பேசிக்கொள்ளும் "பிரயாரிட்டி டேட்" இதிலிருந்து வந்ததுதான். இரண்டு வயதில் இங்கே வந்து, ஃபிரிஸ்கோவிலேயே படித்து, 21 வயது ஆனதும் பெற்றோரின் வரிசையிலிருந்து வெளியே விழுகிறவர்கள் நம் நடுவில் இருக்கிறார்கள். நான் இங்கே பிறந்ததால் எனக்கு அந்தக் கவலை இல்லை. என் தோழி ஒருத்திக்கு உண்டு. அவளையும் இந்தப் பயணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறேன். இது யாருடைய வரலாறு என்று தம்பி அவளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

மியூசியத்தில் ஒருவரை மட்டும் தவறவிடாதீர்கள்: ஆபிரகாம் ஸப்ரூடர். பெண்களுக்கான உடை தைக்கும் கம்பெனி வைத்திருந்தவர், அலுவலகம் எதிர்க் கட்டடத்தில். பூங்காவில் ஒரு கான்கிரீட் திட்டின் மேல் ஏறி நின்று, தலை சுற்றி விழாமலிருக்கத் தன் அலுவலகப் பெண்மணி பின்னால் பிடித்துக்கொள்ள, சின்ன வீட்டுக் கேமராவில் படம் எடுத்தார். 26 விநாடி. உலகம் அந்தக் கொலையைப் பார்ப்பது அந்த 26 விநாடியில்தான். அவர் 1905இல், இன்று உக்ரைனில் இருக்கும் கோவெல் ஊரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1920இல் அமெரிக்கா வந்தார். 1924 சட்டம் கிழக்கு ஐரோப்பியர்களுக்குக் கதவை அடைக்க நான்கே வருஷம் இருந்தபோது. குடியேறிகளுக்கு மீண்டும் கதவு திறக்கச் சொன்ன ஜனாதிபதியின் கடைசி நொடிகளை, கதவு மூடுவதற்குள் நுழைந்த ஒரு குடியேறி படம் பிடித்திருக்கிறார். 1999இல் அவர் குடும்பம் படத்தின் காப்புரிமையை இந்த மியூசியத்துக்கே கொடுத்துவிட்டது. அவர் நின்ற திட்டு இன்றும் அப்படியே இருக்கிறது.

நேரம் இருந்தால் இன்னும் இரண்டு இடம். ஹூஸ்டன் தெருவிலேயே கொஞ்ச தூரத்தில் டல்லாஸ் ஹாலகாஸ்ட் மற்றும் மனித உரிமை மியூசியம், 2019இல் இந்தக் கட்டடத்துக்கு வந்தது. ஹிட்லரிடமிருந்து தப்ப நினைத்த யூதர்கள் பலர் அமெரிக்காவுக்குள் வர முடியாமல் போனதும் அதே 1924 ஒதுக்கீட்டால்தான். ஆனால் ஒரே நாளில் இரண்டு மியூசியமும் வேண்டாம், தலையில் ஏறாது.

இரண்டாவது இடத்துக்கு டிக்கெட் இல்லை. பிளாசாவுக்கு எதிரே சிவப்புக் கல்லில் கோட்டை மாதிரி ஒரு பழைய கோர்ட் இருக்கிறது, 1892இல் கட்டியது. 1910 மார்ச் 3 அன்று ஆலன் புரூக்ஸ் என்ற கறுப்பின முதியவரின் வழக்கு அங்கே தொடங்க இருந்தது. கும்பல் உள்ளே புகுந்து, கழுத்தில் கயிறு கட்டி, மாடி ஜன்னல் வழியாக வெளியே இழுத்துப் போட்டது. பிறகு மெயின் தெருவும் ஏக்கர்ட் தெருவும் சந்திக்கும் இடம்வரை இழுத்துப்போய்த் தூக்கில் தொங்கவிட்டார்கள். பெரிய கூட்டம் நின்று வேடிக்கை பார்த்தது, அந்தப் படத்தை அஞ்சலட்டையாக விற்றார்கள். அந்த மூலையில் ஒரு நினைவுப் பலகை வர 2021 ஆனது. ஜனாதிபதி சுடப்பட்ட ஜன்னலுக்கு 25 வருஷம் பிடித்தது. இந்த ஜன்னலுக்கு 111 வருஷம். இரண்டு ஜன்னலும் ஒன்றை ஒன்று பார்க்கிற தூரத்தில் இருக்கின்றன.

இனி போகிற வழி. ஃபிரிஸ்கோவுக்கு டார்ட் ட்ரெயின் கிடையாது. பிளேனோவில் பார்க்கர் ரோடு ஸ்டேஷனில் காரை விட்டுவிட்டு ரெட் லைனில் ஏறினால் வெஸ்ட் எண்ட் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். டவுன்டவுன் பார்க்கிங் காசு மிச்சம். டிக்கெட்டில் நேரம் குறித்திருக்கும், ஆன்லைனில் முன்பே எடுத்துவிடுங்கள். வாரத்தில் எல்லா நாளும் திறந்திருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கட்டணம் குறைவு. காதில் மாட்டும் ஆடியோவோடு சுற்ற ஒன்றரை மணி நேரமாவது வேண்டும். எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளைக் கூட்டிப்போவதாக இருந்தால் முன்பே பேசிவிடுங்கள்.

எல்ம் தெருவில், குண்டு பட்ட இடத்தில், யாரோ வெள்ளையில் எக்ஸ் போட்டிருக்கிறார்கள். சிக்னல் விழும் இடைவெளியில் ஆட்கள் ஓடிப்போய் அதன் மேல் நின்று சிரித்தபடி செல்ஃபி எடுக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கார் மோதும் என்பது ஒரு காரணம், இன்னொரு காரணத்தை நான் சொல்ல வேண்டியதில்லை.

எங்களுக்கு வரும் சனிக்கிழமை 11 மணிக்கு டிக்கெட். தாத்தா, தம்பி, தோழி, நான். தம்பி கடைசியில் ஒத்துக்கொண்டான், திரும்பி வந்ததும் வீடியோகேம் மியூசியம் என்ற ஒப்பந்தத்தில். தாத்தாவுக்கு ஒரே நிபந்தனை: வெளியே வாங்கிச் சாப்பிட மாட்டார், தயிர்சாதம் கட்டிக்கொண்டு வருவார். ஸப்ரூடர் நின்ற திட்டுக்குப் பக்கத்தில் புல்தரை இருக்கிறது, மர நிழலும் உண்டு. அங்கே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லியிருக்கிறேன்.